கி.ரா.வின் ‘கதவு’: வாசற்கதவு மாற்றியவனின் மறுவாசிப்பு

மூன்று மாதமாக இங்கே எதுவும் எழுதவில்லை. ஆபீஸ் வேலை ஒரு காரணம். பெரிய காரணம் திருவள்ளூர் வீட்டு வாசற்கதவு. ஒரு கதவை மாத்த மூணு மாசமா என்று கேட்பவர்கள், சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீட்டில் குடியிருந்திருக்க மாட்டார்கள்.

இந்த மூன்று மாதத்தில் கி. ராஜநாராயணனின் ‘கதவு’ சிறுகதையை நான்கு தடவை படித்தேன். பி.இ. படிக்கும்போது முதலில் படித்தது. படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு ஏழை வீடு. அப்பா வேலை தேடி மணிமுத்தாறு போயிருக்கிறார், அவரிடமிருந்து தகவல் இல்லை. லட்சுமி, சீனிவாசன் என்று இரண்டு பிள்ளைகள், ஒரு கைக்குழந்தை. பிள்ளைகளுக்கு வீட்டுக் கதவுதான் பஸ். அதில் தொற்றிக்கொண்டு ஆடுவார்கள், தீப்பெட்டிப் படம் ஒட்டுவார்கள். தீர்வை பாக்கிக்காக ஊர் அதிகாரிகள் வந்து அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதவில்லாத வீட்டுக்குள் குளிர் நுழைகிறது. கைக்குழந்தை நோயில் விழுந்து இறந்துபோகிறது. பிறகு ஒருநாள், கதவு சாவடிப் பக்கம் சும்மா கிடப்பது தெரிந்து பிள்ளைகள் போய் அதைக் கட்டிக்கொள்கிறார்கள்.

நல்ல கதைதான், ஆனால் குழந்தையின் சாவு தேவையில்லாத சுமை என்று ரொம்ப வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவு போனதே போதும், நம்மை அழவைப்பதற்காக ஆசிரியர் ஒரு சாவைக் கூடுதலாக வைத்திருக்கிறார் என்பது என் கட்சி. நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். அதைத் திரும்பப் பெறத்தான் இந்தக் கட்டுரை. கதையை விட்டு வீட்டுக் கதைக்குப் போகிறேனே என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டதுதான் விஷயம்.

எங்கள் கதவு

வீடு வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். வரிசையாக ஆறு வீடு, இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். எங்கள் உத்திரத்தின் முனை உட்கார்ந்திருக்கும் அதே சுவரில், மறுபக்கம் பக்கத்து வீட்டு உத்திரமும் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் திண்ணை, அப்புறம் வாசற்கதவு, உள்ளே ரேழி, கூடம். கதவு ஆறடி உயரம், இரண்டே முக்கால் அடி அகலம், முழுப் பலகை. ஒரு கன அடி தேக்கு சுமார் 18 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கதவு மட்டும் 44 கிலோ வருகிறது. இரும்புப் பட்டை, தாழ்ப்பாள் எல்லாம் சேர்த்தால் 50ஐத் தொடும். அம்மா அதைவிடக் கொஞ்சம்தான் கனம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தக் கதவு ஊறிப் போய் நிலையோடு இறுக்கிக்கொண்டது. அம்மா உள்ளே தனியாக. கொல்லைப்பக்கம் முழங்கால் தண்ணீர். பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையிலிருந்து தோளால் இடித்துத் திறக்கிற வரைக்கும் அரை நாள் அடைபட்டிருந்தார். அதுவும் எனக்கு அன்றைக்குத் தெரியாது. அம்பத்தூரில் போன் சிக்னல் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் போனபோது அம்மா சொன்னது ஒரே வரி: “இந்தக் கதவ மாத்துடா, என்னால ஆகல.”

அவ்வளவு தெளிவாகச் சொன்னதை நாங்கள் இரண்டு பிள்ளைகளும் காதில் வாங்கவில்லை. தம்பி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலையில் வேலை செய்கிறான். ஸ்டீல் கதவு போட்டுவிடலாம், மூன்று நாளில் வேலை முடியும், இரும்பைப் பற்றி எனக்குத் தெரியாததா என்றான். “உங்க ஆலைல உருட்றது கம்பி, இது ரெண்டு தகடு, நடுவுல அட்டை” என்று நான் மடக்கினேன். எனக்கு அந்தப் பழைய கதவு அப்படியே இருக்க வேண்டும். பர்மா தேக்கு, நூறு வருஷம், கொள்ளுத்தாத்தா வைத்தது என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவன். இதற்கு நடுவில் பழைய மரம் வாங்கும் ஒருவர் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். நிலையும் கதவும் சேர்த்துக் கொடுத்தால் 40,000 ரூபாய், கதவு மட்டும் என்றால் வேண்டாம்.

ஆக எங்கள் கதவுக்கு மூன்று மதிப்பு. தம்பிக்கு அது பாதுகாப்பில்லாத பழசு, வியாபாரிக்கு வேலைப்பாடுள்ள மரம், எனக்கு வரலாறு. அம்மாவுக்கு அது தூக்க முடியாத பாரம். நாங்கள் மூன்று பேர் பேசிக்கொண்டே ஒன்றரை மாதத்தை ஓட்டினோம்.

ஆசாரி படித்த கதவு

கடைசியில் மணவாளநகரிலிருந்து ஒரு வயதான ஆசாரியைக் கூட்டிவந்தேன். அவர் முதலில் கதவைத் தொடவே இல்லை. நிலையை ஈரத்துணியால் துடைத்தார். துணியில் மஞ்சள் கறை. “இது வேங்கை. தேக்கு இல்ல.” பிறகு கதவைச் சுரண்டிப் பார்த்து, இது தேக்குதான் என்றார். நிலை வேறு மரம், கதவு வேறு மரம்.

அடுத்ததாக டார்ச் அடித்து வாசப்படியின் மூலையைக் காட்டினார். அரக்கு மாதிரி ஏதோ வைத்து அடைத்த ஒரு குழி. நேர் மேலே, நிலையின் மேல்கட்டையிலும் அதே போல ஒன்று. “குடுமி இருந்த எடம் தம்பி. மொதல்ல இருந்தது குடுமிக் கதவு. இப்ப இருக்கிறது கீல்ல தொங்குது பாருங்க. இந்தக் கதவு அப்புறம் வந்தது.”

பழைய கதவுகளுக்குக் கீல் கிடையாது. கதவுச் சட்டத்தின் மேலும் கீழும் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் குடுமி. அது நிலையின் குழிக்குள் உட்கார்ந்து சுழலும். கனம் முழுக்கக் கீழ்ப்படியில் இறங்கிவிடும், அதனால் கதவு தொய்யாது. கீல் போட்ட கதவில் கனம் பக்கவாட்டில் தொங்கும், திருகாணிகளை ஓயாமல் வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் கதவு ஊறியதால் மட்டும் இறுக்கவில்லை. ஏற்கெனவே தொய்ந்து படியில் உரசிக்கொண்டிருந்தது, மழை அதை முடித்துவைத்தது. அடிச்சட்டம் உளுத்தும் போயிருந்தது.

எனக்கு இது பெரிய அடி. நான் கொள்ளுத்தாத்தா கதவு என்று கட்டிக்காக்க நினைத்தது, எங்கள் குடும்பத்தில் யாரோ ஒருவர் ஏற்கெனவே மாற்றிய கதவு. அம்மாவிடம் சொன்னேன். “உங்க தாத்தாதான் மாத்தியிருப்பாரு, அவருக்கு எதையும் நோண்டாம இருக்க முடியாது” என்று சிரித்தார்.

தம்பியின் ஸ்டீல் கதவுக்கும் ஆசாரிதான் பதில் சொன்னார். கடைகளில் பொதுவாகக் கிடைப்பது ஏழடி, மூன்றரை அடி, நிலையோடு சேர்ந்த செட். நம் வாசல் ஆறடி. அதை வைக்க வேண்டுமானால் பழைய நிலையைப் பெயர்த்து, மேலே சுவரையும் வெட்ட வேண்டும். நிலையின் மேல்கட்டை இரண்டு பக்கமும் ஒரு சாண் சுவருக்குள் நுழைந்திருக்கிறது. தனியாக லிண்டல் கிடையாது. மேலே இருக்கிற சுவரை அந்தக் கட்டைதான் தாங்குகிறது. முட்டுக்கொடுக்காமல் உருவினால் திண்ணைக் கூரையும் சேர்ந்து இறங்கும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவரில் துளை போட்டு ஆங்கர் போல்ட் முடுக்கினால் அது சரியாகப் பிடிக்கவும் செய்யாது. பொதுச்சுவரில் விரிசல் விழுந்தால் பக்கத்து வீட்டுக்கும் பதில் சொல்லணும். ஸ்டீல் கதவு மோசம் என்று அவர் சொல்லவில்லை. புது வீட்டுக்கு ஏற்றது, இந்தச் சுவருக்கு ஏற்றதில்லை என்றார். தம்பி அதற்கப்புறம் வாதாடவில்லை. பூட்டு மட்டும் நான் சொல்ற பூட்டு போடணும் என்றான். அது நியாயம்.

ஆக முடிவு: நிலை இருக்கும், கதவு மாறும். யோசித்துப் பார்த்தால் நம் வழக்கமே இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருக்கிறது. வீடு கட்டும்போது நாள் பார்த்து, மஞ்சள் பூசி, நவதானியம் போட்டு நிறுத்துவது நிலையைத்தான். கதவு மாட்டுவதற்கு அவ்வளவு சடங்கு இல்லை. நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனை வாயிலைச் சொல்லும்போதுகூட, இரும்பு பிணைத்த கதவு வருகிறது, செவ்வரக்கு வருகிறது, ஆனால் நெய்யும் ஐயவியும் (வெண்கடுகு) பூசுவது நெடிய நிலைக்குத்தான். நிலை வீட்டோடு சேர்ந்தது. கதவு வீட்டில் இருப்பவர்களோடு சேர்ந்தது, அவர்கள் கைக்குத் தக்கபடி மாறலாம்.

சட்டத்தின் கதவு

இந்த இடத்தில்தான் கி.ரா. கதைக்குத் திரும்பப் போனேன். கதையில் அதிகாரிகள் செய்தது சட்டப்படி என்ன என்று தேடினேன். சென்னை மாகாணத்தில் தீர்வை பாக்கியை வசூலிக்க 1864ல் ஒரு வருவாய் வசூல் சட்டம் வந்தது. இன்றும் தமிழ்நாட்டில் அது நடைமுறையில் இருக்கிறது. ஜப்திக்கு வருபவர் என்ன செய்யலாம் என்று அதில் விரிவாகவே இருக்கிறது. தொழுவம், களஞ்சியம் போன்றவற்றை உடைத்துத் திறக்கலாம். குடியிருக்கும் வீட்டுக்குள், வெளிக்கதவு திறந்திருந்தால் நுழையலாம். வெளிக்கதவு சாத்தியிருந்தால் அவராக உடைக்க முடியாது. போலீஸ் நிலையத்தில் சொல்லி, ஒரு காவலர் வந்து நின்ற பிறகுதான் உடைக்கலாம்.

வெள்ளைக்காரன் வரி வசூலிக்கப் போட்ட சட்டம், குடியானவனிடம் பரிவு எதிர்பார்க்க முடியாத சட்டம். அதுவே சாத்திய வாசற்கதவுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கிறது. இன்னொன்றும் உண்டு. 1882ம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின்படி கதவு, ஜன்னல் எல்லாம் அசையாச் சொத்தின் பகுதி. கட்டடத்தின் நிரந்தரப் பயன்பாட்டுக்காக அதில் பொருத்தியவை என்பதால். சட்டக்கல்லூரி மாணவர்களுக்கு இதற்கு உதாரணமாகச் சொல்லிக்கொடுப்பதே கதவையும் ஜன்னலையும்தான்.

இதைத் தெரிந்துகொண்டு கதையைப் படித்தால் கி.ரா.வின் தேர்வு புரிகிறது. அண்டா, குண்டா, ஆடு என்று ஏதாவது ஒன்றை ஜப்தி செய்யவைத்திருக்கலாம். கிராமத்துக் கதைகளில் அதுதான் வழக்கம். அவர் கதவையே எடுக்கவைக்கிறார். எந்தப் பொருளைத் தாண்டி வரக் கூடாது என்று சட்டம் தயங்குகிறதோ, அந்தப் பொருளையே தூக்கிக்கொண்டு போகிறார்கள். பாக்கிக்கு ஈடாக வீட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்தார்கள் என்று இதைச் சொல்ல முடியாது. அந்த நாலு சுவரையும் வீடு என்று ஆக்கியதை எடுத்தார்கள்.

எடுத்த கதவை அரசாங்கம் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. சாவடிப் பக்கம் போட்டுவைத்தது. பாக்கி வசூலானதாகவும் தெரியவில்லை. கதையின் ஆகப் பெரிய கசப்பு எனக்கு இங்கேதான் இருக்கிறது. நிலையிலிருந்து கழற்றிய நிமிஷம் கதவு வெறும் பலகை. எடுத்தவனுக்கு அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை, இழந்தவர்களுக்கு எல்லாம் போய்விட்டது.

இரண்டு ராத்திரி

இவ்வளவும் புத்தியால் புரிந்தது. குழந்தையின் சாவு மட்டும் இன்னும் நெருடிக்கொண்டிருந்தது. அது தை அமாவாசை சமயத்தில் தீர்ந்தது.

எனக்கு லீவு கிடைத்த நாளைப் பார்த்து, அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் ஆசாரி கதவைக் கழற்றினார். நாள் குறித்தது நான்தான். ஒரே நாளில் புதுக்கதவு ஏறிவிடும் என்று நினைத்தேன். ஒரு பக்கத்து நிலை லேசாகச் சாய்ந்திருந்ததால் கதவை இழைத்து இழைத்துப் பொருத்த வேண்டியிருந்தது, வேலை இழுத்துவிட்டது. திருவள்ளூரில் தை அமாவாசை என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஹிருத்தாபநாசினி குளத்தில் முழுகி, முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க முந்தின ராத்திரியே ஜனம் வந்து இறங்கும். கோயிலைச் சுற்றித் திண்ணை, நடைபாதை, கடைவாசல் எங்கும் படுத்திருப்பார்கள். எங்கள் திண்ணையிலும் எப்போதும் யாராவது படுப்பார்கள். அதில் அம்மாவுக்கு ஒரு சங்கடமும் கிடையாது, தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பார். திண்ணை ஊருக்கு, ரேழி நமக்கு. நடுவில் கதவு இருந்தது.

முதல் ராத்திரி வாசலில் தார்ப்பாய் கட்டி, ரேழியில் பாய் போட்டு நான் படுத்தேன். தூக்கம் வரவில்லை. பயம் என்று சொல்ல முடியாது. தெருவில் நடப்பவர் ஒவ்வொருவரும் வீட்டுக்குள் நடப்பது போலக் கேட்டது. நாய் இரண்டு தடவை தார்ப்பாயை முட்டிப் பார்த்துவிட்டுப் போனது. தை மாதப் பனிக்காற்று தரையோடு ஊர்ந்து கூடம் வரைக்கும் வந்தது. அம்மா விடிய விடிய இருமினார். நாற்பத்தைந்து வருஷம் அந்த வீட்டோடு பழக்கம், அந்தத் தரை இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை நாள் கதவுக்கும் படிக்கும் நடுவில் விரலளவு இடைவெளிகூட இல்லாமல் இருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

இரண்டாவது ராத்திரி ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் திண்ணையில் இறங்கியது. அதில் ஒரு பாட்டி தார்ப்பாயைப் பார்த்துவிட்டு, “கதவு இன்னாச்சிம்மா?” என்றார். அம்மா சொன்னார். பாட்டி தன் மகனிடம் திரும்பி, “டேய், நீ வாசப்படிக்குக் குறுக்கப் படு. பொம்பள இருக்கிற வூடு” என்றார். அவர் துண்டை விரித்து அப்படியே படுத்துவிட்டார். அம்மா அன்றைக்குத் தூங்கினார். காலையில் நாங்கள் எழுந்தபோது அவர்கள் குளத்துக்குப் போய்விட்டிருந்தார்கள்.

எனக்கு நாற்பத்தைந்து வயது, கையில் போன், ஆசாரி நாளைக்கு வருவார் என்ற உறுதி. அதோடு சேர்த்து இரண்டே இரண்டு ராத்திரி. கதையில் அந்த அம்மாவுக்குக் கணவர் எங்கே என்று தெரியாது, கதவு எப்போது திரும்பும் என்று தெரியாது, கையில் பச்சைப்பிள்ளை. குளிர் காலம். கி.ரா. சாவைக் கூடுதலாகச் சேர்க்கவில்லை. கதவை எடுத்தால் வரிசையாக என்ன நடக்குமோ அதைத்தான் எழுதியிருக்கிறார். கரிசல்காட்டில் வாழ்ந்தவருக்கு அது தெரிந்திருந்தது, திருவள்ளூரில் கதவு சாத்தித் தூங்கிய எனக்குத் தெரியவில்லை. உணர்ச்சியைத் தூண்டும் உத்தி என்று நான் சொன்னது என் அனுபவக் குறைவு. அதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒரு குறை மட்டும் இன்னும் இருக்கிறது. கதை பெரும்பாலும் பிள்ளைகள் உயரத்திலிருந்தே கதவைப் பார்க்கிறது. அதனால்தான் அந்த பஸ் விளையாட்டு அவ்வளவு உயிரோடு இருக்கிறது, கடைசிக் காட்சியும் நிற்கிறது. ஆனால் கதவு இல்லாத அத்தனை ராத்திரியும் அந்தத் தாய் எப்படிக் கழித்தாள் என்பது நமக்குக் கிடைக்கவில்லை. கதவை இழந்ததில் அதிகம் இழந்தவள் அவள்தான். எங்கள் வீட்டிலும் கடைசியாகக் காதில் விழுந்தது அம்மாவின் குரல்தான் என்பதால் எனக்கு இது உறுத்துகிறதோ என்னவோ.

அழகுக் கதவுகள்

பழைய கதவு இப்போது ஒரு மோகம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் நிலையோடு பெயர்த்த கதவுகள் சாய்த்து வைத்திருக்கும். சென்னையில் அவை சாப்பாட்டு மேசையாகவும் ஓட்டல் வரவேற்பறைச் சுவராகவும் ஆகின்றன. 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிற செட்டிநாட்டு ஊர்களிலிருந்தே அவை வருகின்றன என்பது தனிச் சோகம். முட்டுக்காட்டில் 1996ல் திறந்த தக்ஷிணசித்ராவை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அங்கே வீட்டையே பெயர்த்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள், கதவு தன் நிலையில் நிற்கிறது, திறந்து மூடுகிறது. சுவரில் மாட்டிய கதவு அப்படியில்லை. அது நல்ல விளக்கு வெளிச்சத்தில் இருந்தாலும் சாவடியில் கிடக்கிற கதவுதான். நானும் எங்கள் கதவை ரேழிச் சுவரில் மாட்டிவைக்கத்தான் திட்டம் போட்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புதுக்கதவு அமாவாசை அன்று சாயங்காலம் ஏறியது. பழைய தேக்குச் சட்டம் ஒன்றரை அங்குலம், நடுவில் முக்கால் அங்குலப் பலகை. எடை பழசில் பாதிதான். பேரிங் வைத்த கீல், தம்பி வாங்கிவந்த பூட்டு, அம்மாவின் கண் உயரத்தில் ஒரு ஓட்டை. அம்மா ஒற்றைக் கையால் திறந்து, சாத்தி, தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தார். மறுபடி ஒரு தரம். மறுபடியும் ஒரு தரம்.

பழைய கதவை என்ன செய்வது என்று கேட்டபோது, “கொல்லைப்பக்கம் தகரக் கதவு ஆடிக்கினே கெடக்குதே, அதுக்குப் போடு” என்றார். ஆசாரி உளுத்த அடிப்பக்கத்தை அரையடி அறுத்தார். உள்பக்கத்தில், 1987 உலகக் கோப்பை சமயத்தில் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் ஸ்டிக்கர் இரண்டு ஒட்டியபடி இருந்தது. நான் ஒட்டினதா, தம்பி ஒட்டினதா என்பதில் இன்னும் சண்டை. இழைத்து எடுத்துவிடவா என்று ஆசாரி கேட்டார். வேண்டாம் என்றேன். கொல்லை வாசலில் குனிந்துதான் போக வேண்டியிருக்கிறது, ஆனால் மழைச்சாரல் உள்ளே வருவதில்லை.